நானூற்றுப் பதினேழு மூடிகள்

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பல்கூடத் துலக்காமல், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், நானூற்றுப் பதினேழு வாஷிங் மெஷின்களை ஓட வைத்தவன் நான். அன்றைக்கு அதில் ஒன்றைக்கூட நான் தொடவில்லை. பாதிக்கு மேல் எந்த ஊரில் இருக்கின்றன என்றுகூட எனக்குத் தெரியாது.

இதைக் கேட்டவர்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள். பிறகு என் மனைவியின் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் மேலே ஃபேனைப் பார்ப்பாள். நான் பேசும்போதெல்லாம் முப்பத்தொன்பது வருஷமாக அவள் பார்த்துப் பார்த்தே அந்த ஃபேனில் தூசு தங்குவதில்லை. நான் கொஞ்சம் அளந்துவிடுகிற ஆள்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்துக்குச் சாட்சி இருக்கிறது. அந்தச் சாட்சி என் மச்சான் என்பதுதான் சிக்கல்.

மச்சான் என் மனைவியின் தம்பி. வானிலை நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருஷம் தினமும் 'வாய்ப்பு உள்ளது' என்று எழுதி எழுதி, 'ஆமாம்' என்று சொல்லும் நரம்பே அவருக்கு மரத்துப்போய்விட்டது. பதிவு அலுவலகத்தில் கல்யாணத்துக்குக் கையெழுத்துப் போடும்போது 'சம்மதம்தானே?' என்று அதிகாரி கேட்டதற்கு, 'தற்போதைய நிலவரப்படி' என்று சொன்ன மனிதர். சொட்டச் சொட்ட நனைந்து வந்து நிற்பவரிடம் 'வெளியே மழையா?' என்று கேட்டால், குடையை உதறிவிட்டு, 'அப்படித்தான் தெரியுது' என்பார். குடும்பத்தில் அவருக்குப் பெயரே 'வாய்ப்புண்டு'தான்.

நான் இருந்தது வீட்டுச் சாதனங்கள் பழுது பார்க்கும் சர்வீஸ் சென்டரில். முப்பத்தெட்டு வருஷம். பாதி ஆயுள் ஸ்க்ரூடிரைவரோடு, மீதி கவுண்டரில். அங்கே ஒரு சட்டம் உண்டு. எந்த உறுப்பை மாற்றினாலும், கழற்றிய பழசை ஒரு கவரில் போட்டு வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிட வேண்டும். நிஜமாகவே மாற்றினோம் என்பதற்கு அத்தாட்சி. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் அதை வாங்கிக்கொண்டு வாசல்வரை போய், திரும்பி வந்து, 'நீங்களே வச்சுக்குங்க' என்று என் மேஜையில் வைத்துவிட்டுப் போவார்கள். பல் தேய்ந்த சக்கரம், கருகின சுவிட்ச், காது உடைந்த மிக்ஸி மூடி. தூக்கிப் போட எனக்கு மனசு வராது. வீட்டுக்குக் கொண்டு வருவேன். ஓய்வு பெற்ற அன்று வீட்டில் பதினோரு பெட்டிகள் இருந்தன. மனைவியின் எண்ணிக்கைப்படி பதினாலு. வாழ்க்கையில் நான் குறைத்துச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

எங்கள் தொழிலில் இன்னொரு பழக்கமும் உண்டு. ஒரு உறுப்பைக் கழற்றுவதற்கு முன், எது மேல் பக்கம் என்று அதன்மேல் ஒரு புள்ளி வைத்துக்கொள்வோம். பேனா மை எண்ணெயில் போய்விடும். நகப்பூச்சு போகாது. எனக்கு நகப்பூச்சு எங்கிருந்து கிடைத்தது என்பது குடும்ப விஷயம், பிறகு வருகிறேன்.

எங்கள் வீட்டுப் பின்னறைக்குத் தனி வாசல். அதில் மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் வாடகைக்கு இருந்தார். நான் ஓய்வு பெற்ற மாசம் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றலானது. அவர் காலி பண்ணிய மறுநாள், கட்டிலடியிலும் படிக்கட்டடியிலும் பதுங்கிக் கிடந்த என் பெட்டிகள் தாமாகவே நடந்து அந்த அறைக்குள் போய்விட்டன. மனைவியிடம் நான் சொன்னது அதுதான்.

பெட்டிகளைப் பிரித்துவைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா. ஒவ்வொன்றாக மேஜையில் வைத்துப் படம் எடுத்தேன். இலவசமாகக் கிடைத்த மாதிரி வடிவத்தில் நானே இணையத்தில் ஒரு பக்கம் அமைத்தேன். பச்சைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. பார்த்தால் கண் கூசும், ஆனால் ஒருமுறை பார்த்தவன் மறக்க மாட்டான். 'உடைஞ்சது எது' என்று பெயர் வைத்தேன். ஒவ்வொரு படத்துக்கும் கீழே, இது எந்த மெஷினின் உறுப்பு, எங்கே உடையும், ஏன் உடையும், எந்த வீட்டில் மாப்பிள்ளை ஓங்கி அடித்ததால் உடைந்தது என்று எழுதினேன். முதல் வாரம் மூன்று பேர் பார்த்தார்கள். அதில் இரண்டு பேர் நான், ஒருமுறை போனிலும் ஒருமுறை கம்ப்யூட்டரிலும். மூன்றாவது என் மனைவி, விரல் தவறிப் பட்டதாக இன்றுவரை சொல்கிறாள்.

"வாடகை நின்னு ரெண்டு மாசம் ஆச்சு," என்றாள் ஒரு நாள். "பெட்டியெல்லாம் பழைய சாமான் கடைக்குப் போகணும்."

"பெட்டி போனா என் பக்கமும் போச்சு."

"உங்க பக்கம் என்ன தருது?"

"பேர் தருது. புகழ் தருது."

"பால்காரர் புகழை வாங்கிக்குவாரான்னு கேட்டுச் சொல்லுங்க."

மச்சான் எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் சும்மா வரவில்லை, ஆளோடு வந்திருந்தார். கலர் மீன் விற்கிறவர். நாற்பது தொட்டி வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார். "சத்தம் போடாத ஜீவன்கள், அத்தான்," என்றார் மச்சான். "உங்களுக்குக் கேக்க ஆள் வேணும்னா போய் உக்காந்து பேசலாம். எதிர்த்துப் பேசாது."

கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆனது. எனக்கு ஆறு மாசம் அவகாசம். அதற்குள் அந்தப் பக்கம், மருந்துக் கம்பெனிக்காரர் மாசாமாசம் கொடுத்த வாடகையைத் தானே சம்பாதிக்க வேண்டும். சம்பாதித்தால் அறை என்னுடையது. இல்லையென்றால் பெட்டிகள் வெளியே, மீன்கள் உள்ளே.

"சம்பாதிச்சுதா இல்லையான்னு யார் சொல்றது?" என்று கேட்டேன்.

"என் தம்பி சொல்லட்டும். 'நடந்தது'ன்னு அவன் வாயால சொன்னா நான் ஒத்துக்கிறேன்."

சூரியன் உதித்ததையே பாதி மனசோடு ஒப்புக்கொள்கிற ஆள். என் பதினோரு பெட்டிகளும், அதாவது என் முப்பத்தெட்டு வருஷமும், அந்த ஒரு வாயில் மாட்டிக்கொண்டன.

மூன்றாவது வாரம் ஒரு அம்மா உடைந்த மைக்ரோவேவ் அடுப்புக் குமிழின் படத்தை அனுப்பி, 'இது எதுன்னு தெரியுமா?' என்று கேட்டிருந்தார். தெரியுமாவா. விரிசலைப் பார்த்ததுமே, எந்த மாடல், எந்தக் கையால் திருகுகிறார், இடது கைக்காரர் என்பதுவரை எழுதி அனுப்பினேன். 'நான் இடது கைக்காரிதான், எப்படித் தெரியும்?' என்று கேட்டார். குமிழ் எங்கே கிடைக்கும் என்றும் கேட்டார். மொத்தக் கடையில் வாங்கி, மாத்திரை வந்த அட்டைப் பெட்டியில் வைத்து அனுப்பினேன். எனக்கு இருக்கிற சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அட்டைப் பெட்டிக்குப் பஞ்சமே கிடையாது.

அந்த அம்மா நாலு பேரிடம் சொன்னார். நாலு பேர் நாற்பது பேரிடம். மூன்றாம் மாசம் ஒரு நாளைக்கு ஐந்தாறு படம் வந்தது. நான் பதில் சொல்வது இலவசம், உறுப்பை விற்றால் அதில் கொஞ்சம் லாபம். பாதிப் பேர் பதிலைத் தெரிந்துகொண்டு பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டார்கள். நாலாம் மாச முடிவில் பாதி வாடகைக்குப் பக்கத்தில் வந்திருந்தேன். மச்சானைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினேன்.

"ஆங்காங்கே குமிழ் விற்பனை," என்றார். "பரவலாக நீடிக்க வாய்ப்புக் குறைவு."

அந்த வாரமே மீன்காரர் அளவு நாடாவோடு வந்து, தொட்டி எங்கே எங்கே வரும் என்று என் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுப் போனார். மரியாதையான மனிதர். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சுற்றிக்கூடக் கோடு போட்டார்.

ஐந்தாம் மாசம் எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது, அல்லது அப்படி நினைத்தேன். ஒரே மாதிரிப் படங்கள் வர ஆரம்பித்தன. மேலே மூடி உள்ள ஒரு வாஷிங் மெஷின். அந்த மூடியின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கொக்கி. மூடியை மூடினால் கொக்கி ஒரு பள்ளத்தில் போய் 'டக்' என்று விழ வேண்டும். விழுந்தால்தான் மெஷின் சுற்றும். எல்லோருக்கும் அந்தக் கொக்கிதான் உடைந்திருந்தது. கம்பெனியோ, கொக்கி தனியாகக் கிடைக்காது, முழு மூடியும் வாங்கு என்கிறதாம். முழு மூடி விலையில் பாதி மெஷின் வாங்கிவிடலாம்.

கேட்டவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஆறு கடை வைத்திருக்கும் சலவைக் கடையம்மா தொண்ணூற்றாறு கொக்கி கேட்டார். ஒரு மாணவர் விடுதி வார்டன், உடைந்ததும் உடையப் போவதுமாக நூற்று நாற்பது. ஒரு ஹோட்டல் எழுபது. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் ஐம்பத்து மூன்று. தனி வீடுகள் ஐம்பத்தேழு. ஆக மொத்தம் அறுபத்தொரு கடிதம், நானூற்றுப் பதினாறு மெஷின். 'பொறுங்கள், செய்து தருகிறேன்' என்று எல்லோருக்கும் எழுதினேன். ஐந்து மாசத்தில் என் இணையப் பக்கம் சம்பாதித்த அத்தனையையும் ஒரு பிளாஸ்டிக் வார்ப்புக்காரரிடம் கொட்டி, ஐந்நூறு கொக்கி வார்க்கச் சொன்னேன். மூன்று மூட்டையாக வந்து இறங்கின. இவை விற்றால் வாடகை என்ன, ஒரு வருஷ வாடகையே வந்துவிடும். ஆறாம் மாசம் பிறந்திருந்தது. மறுநாள் செவ்வாய்க்கிழமை அனுப்பத் தொடங்குவதாக ஏற்பாடு.

திங்கட்கிழமை சாயங்காலம், மூட்டைகளுக்கு இடம் பண்ண, மனைவி ஒரு பழைய பெட்டியைக் கவிழ்த்தாள். கவிழ்த்தவள் குனிந்து ஒரு உறுப்பை எடுத்தாள்.

"என்னங்க இது?"

"எது?"

"இது என்னோட மாதுளை கலர் நகப்பூச்சு. நம்ம பொண்ணு காலேஜ் சேர்ந்த வருஷம் வாங்கினது. ரெண்டு தடவைகூடப் போடலை, காணாமப் போச்சு." இன்னொன்றை எடுத்தாள். "இது காப்பிக் கலர். இது என் தங்கச்சி கொடுத்த ரோஸ். வேலைக்காரம்மாவைச் சந்தேகப்பட்டேனே, பாவி மனுஷா. முப்பத்தெட்டு வருஷமா நான் நகப்பூச்சு வாங்கி நீங்க மெஷினுக்குப் போட்டீங்களா?"

"எல்லாத்துக்கும் இல்லை. எண்பதாயிரம் உறுப்புக்குத்தான்."

அவள் ஃபேனைப் பார்க்கவில்லை. கையில் இருந்ததை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். மாதுளைப் புள்ளி வைத்த ஒரு மூடிக் கொக்கி. அதே மெஷின், அதே கொக்கி. மஞ்சளாகிவிட்டது, அழகில்லை என்று ஒரு வாடிக்கையாளர் மாற்றச் சொன்னது. மஞ்சள்தானே தவிர முழுசாக இருந்தது.

எனக்கு நகப்பூச்சு மறந்துபோனது. அந்தக் கொக்கிக்கு இரண்டு உதடு. ஒன்று தடிப்பு, ஒன்று மெல்லிசு. நான் வைத்த புள்ளி, அதாவது மேல் பக்கம், மெல்லிய உதட்டில் இருந்தது. அப்படியானால் பள்ளத்தில் விழுந்து அடி வாங்கியது தடித்த உதடு. வந்த படங்களை எடுத்துப் பார்த்தேன். அறுபத்தொரு படத்திலும் மெல்லிய உதடு கீழே இருந்தது. அறுபத்தொன்றிலும் உடைந்தது அதுதான்.

"இது எந்த வருஷம்னு சொன்னே?"

"பொண்ணு காலேஜ் சேர்ந்த வருஷம். பதினாலு வருஷம் ஆச்சு."

பதினாலு வருஷத்துக்கு முன் தொழிற்சாலையில் சரியாக மாட்டியிருக்கிறார்கள். நடுவில் யாரோ ஒரு புண்ணியவான் தலைகீழாக மாட்ட ஆரம்பித்திருக்கிறான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓட்டை, எப்படி மாட்டினாலும் உட்கார்ந்துகொள்ளும். யாருக்கும் தெரியவில்லை.

இதைச் சோதித்துப் பார்க்க மெஷின் வேண்டும். மச்சான் வீட்டில் அதே மெஷின் இருந்தது, அதே கொக்கி உடைந்து. அவர் என்னிடம் சொல்லவே இல்லை, என் மனைவிக்குத்தான் தெரியும். போய்ப் பார்த்தால், மூடிமேல் அவருக்கு ஓய்வு பெறும்போது கொடுத்த பித்தளை மழைமானியை வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நிற்கிறார். நாற்பது நிமிஷம் அப்படியே நிற்பாராம், துணி துவைத்து முடியும்வரை.

"நான் ஒரு ஆள் எதுக்கு இருக்கேன், மச்சான்? கேட்டிருக்கலாமே."

"கேட்டா சரியாகும்னு உறுதியில்லையே, அத்தான்."

இரண்டு திருகைக் கழற்றி, பாதி உடைந்த அந்தப் பழைய கொக்கியையே தலைகீழாகத் திருப்பி மாட்டினேன். மூடியை விட்டேன். டக். மெஷின் சுற்றியது. மழைமானி தரையில் இருந்தது.

மனைவிதான் முதலில் பேசினாள்.

"அப்போ யாருக்கும் புதுக் கொக்கி வேண்டாம்."

"வேண்டாம்."

"மூணு மூட்டை இருக்கு."

"இருக்கு."

மச்சான் தொண்டையைச் செருமினார். "அத்தான், இதை வெளியே சொன்னா ஒரு கொக்கிகூட விக்காது. ரூம் போயிடும். அதுக்கு வாய்ப்பு நூறு சதவீதம்." முப்பத்தைந்து வருஷத்தில் அவர் நூறு என்று சொன்னது அன்றைக்குத்தான். பிறகு மெஷினை நிறுத்தி, கொக்கியைக் கழற்றி, பழையபடியே தப்பாக மாட்டி, மழைமானியைத் தூக்கி மேலே வைத்தார். ஒரு தடவை ஓடினது ஆதாரமாகாதாம். உறுதியாகும்வரை நிலைமையை மாற்றக் கூடாதாம்.

வீட்டுக்கு நடந்து வரும்போது மனைவி, "என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் நல்லவன், நேர்மையானவன் என்றெல்லாம் யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரு ஊரே தேடுகிற பதில் எனக்கு மட்டும் தெரியும், அதை வெளியே சொல்லக் கூடாது என்றால் என் வயிறு உப்பி வெடித்துவிடும். எண்பதாயிரம் பொய் சொல்லியிருப்பேன். ஆனால் மெஷினைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. பொய் சொல்ல எனக்கு வேறு எத்தனையோ விஷயம் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்ததும் நேராகப் பின்னறைக்குப் போய், மீன்காரரின் சாக்பீஸ் வட்டத்துக்குள் உட்கார்ந்து, அறுபத்தொரு பேருக்கும் ஒரே கடிதம் அனுப்பினேன். 'புதுக் கொக்கி வாங்காதீர்கள். இரண்டு திருகைக் கழற்றி, உடைந்த கொக்கியைத் தலைகீழாக மாட்டுங்கள். ஸ்க்ரூடிரைவர் இல்லையென்றால் நாணயம் போதும். ஓடினால் ஒரு வீடியோ அனுப்புங்கள், என் மச்சான் நம்ப மாட்டார்.' கூடவே மாதுளைப் புள்ளியின் படம்.

"பல்லைத் துலக்கிட்டு வாங்க, காப்பி ஆறுது," என்றாள் மனைவி.

"பல் எங்கேயும் போகாது."

"போக ஆரம்பிச்சாச்சு. முன்னாடி ரெண்டு ஏற்கெனவே போயிடுச்சு."

ஏழு மணிக்கு மச்சான் குறிப்பேடும் பென்சிலுமாக வந்து உட்கார்ந்தார். கண்ணால் பார்க்காததை எழுத மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஏழு பத்துக்கு முதல் வீடியோ. யாரோ ஒருவர் வீட்டுக் குளியலறை, மூடி, டக், சுற்றல். மச்சான் ஒரு கோடு போட்டார். அப்புறம் இரண்டு. அப்புறம் ஏழு. ஹோட்டலில் ஒருவர் போனைப் பிடித்தபடி வரிசையாக நடந்து எழுபதையும் காட்டினார். மச்சான் வீடியோவை நிறுத்தி நிறுத்தி எழுபது கோடு போட்டார். விடுதி வார்டன் மாணவர்களிடம் ஆளுக்கு ஒரு நாணயம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். நூற்று நாற்பது மூடிகள் டக் டக் டக் என்று விழுந்த சத்தம், பெரிய மழை தொடங்குவதுபோல இருந்தது. மச்சான் பழக்கதோஷத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

பதினோரு மணிவாக்கில் அவர் எழுந்தார். "வீட்டுல கேஸை அணைச்சேனான்னு சந்தேகம்." அவருக்கு எதில்தான் சந்தேகம் இல்லை. அரை மணியில் திரும்பி வந்தார். சட்டைக் கை முழங்கைவரை நனைந்திருந்தது. விட்ட இடத்திலிருந்து கோடு போட்டார்.

கடைசியாக ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், நாணயம் கிடைக்காமல் தோசைக்கரண்டியால் திருகைக் கழற்றி, தன் மெஷினை ஓட்டிக் காட்டினார். மணி இரண்டு பத்து. காலையா அது என்று கேட்கக் கூடாது. நான் பல் துலக்கும்வரை எனக்குக் காலைதான். குறிப்பேட்டில் நானூற்றுப் பதினாறு கோடு.

பல்லைத் துலக்கிவிட்டு வந்து பார்த்தேன். மூன்று மூட்டை அப்படியே இருந்தது. சாக்பீஸ் கோடும் அப்படியே இருந்தது.

அப்போதுதான் போன் வந்தது. சலவைக் கடையம்மா. "அய்யா, தொண்ணூத்தாறும் ஓடுது. நேத்துதான் புது மூடிக்கு முன்பணம் கொடுக்க இருந்தேன். இனிமே எங்க கடையில எது உடைஞ்சாலும் முதல்ல உங்களுக்குத்தான் படம் அனுப்புவேன். அப்புறம்தான் மெக்கானிக். மாசம் எவ்வளவு வேணும், சொல்லுங்க."

"அதெல்லாம் எதுக்கும்மா, சும்மா..." என்று ஆரம்பித்தேன். மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"வணக்கம். நான்தான் இங்கே நிர்வாகம்," என்றாள். அந்த நிமிஷம்வரை எங்களுக்கு நிர்வாகம் என்று ஒன்று இருந்ததில்லை. பிறகு ஒரு தொகை சொன்னாள். மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த வாடகையில் சரியாக மூன்றில் ஒரு பங்கு. கடையம்மா ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்க இத்தனை மாசம் குமிழை வித்தீங்க. ஜனங்களுக்கு வேண்டியது குமிழ் இல்லை. உங்க வாய். முப்பத்தொன்பது வருஷமா நான் இலவசமாக் கேட்டுட்டேன். இனிமே மத்தவங்க காசு கொடுத்துக் கேக்கட்டும்."

அன்று சாயங்காலமே பச்சையும் மஞ்சளும் போய், வெள்ளைப் பக்கம் ஆனது. ஒரு படத்துக்கு ஒரு சின்னக் கட்டணம். பதில் தப்பானால் பணம் வாபஸ். கடை, விடுதிகளுக்கு மாசச் சந்தா. பெட்டிகளை நகப்பூச்சு நிறத்தை வைத்து வருஷவாரியாக அடுக்கிவிட்டாள். எந்த நிறம் எந்த வருஷம் என்று அவளுக்குத்தானே தெரியும். விடுதியும் ஹோட்டலும் இரண்டே நாளில் சேர்ந்தன. அடுக்குமாடிச் சங்கம் ஒரு கூட்டம் போட்டு, சண்டை போட்டு, சேர்ந்தது. கொக்கி வாங்காதே என்று சொன்ன ஆளிடமே, 'கையிருப்புக்கு இருக்கட்டும்' என்று பலர் கொக்கியும் வாங்கினார்கள். ஒரு மூட்டை தீர்ந்தது. மாசம் முடிவதற்குள் வாடகையைத் தாண்டிவிட்டோம். இன்றைக்கு அந்தப் பக்கம் வாடகையைப் போல நாலு மடங்கு தருகிறது. எட்டு மடங்கு என்று எழுதத்தான் ஆசை, ஆனால் இதை அவள் படிப்பாள்.

ஆனால் மச்சான் இன்னும் 'நடந்தது' என்று சொல்லவில்லை. "ஒரு மாச மழையை வச்சுப் பருவமழைன்னு சொல்ல முடியாது," என்றார். மனைவியும் விடவில்லை. "ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். அவன் சொல்லட்டும்." தம்பியைவிட அக்கா மோசம்.

ஆறாம் மாசக் கடைசி நாள் மீன்காரர் வேனோடு வந்து நின்றார். வேனில் பன்னிரண்டு தொட்டி. நான் வாசலிலேயே மறித்து, பல் துலக்காமல் நானூற்றுப் பதினேழு மெஷின் ஓட்டிய கதையை ஒரு வரி விடாமல் சொன்னேன். பதினாறு என்பது என்னவோ முடியாத எண் மாதிரி இருக்கிறது. பதினேழு என்றால் காதுக்கு நிறைவாக இருக்கும். அதனால் ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். பழக்கம்.

மீன்காரர் பொறுமையாகக் கேட்டார். "சார், நீங்க அளக்கிற ஆளுன்னு தெரு முனையிலேயே சொல்லிட்டாங்க." மச்சான் பக்கம் திரும்பினார். "உங்க வார்த்தையை நம்பித்தான் நான் தொட்டி வாங்கினேன். எனக்கு இன்னொரு இடமும் பார்த்து வச்சிருக்கேன், போகலாம். ஆனா ஒரு கதைக்காகப் போக மாட்டேன். இவர் சொல்றது நடந்ததா, இல்லையா? நீங்க சொல்லுங்க."

மச்சான் சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். அந்த ஏட்டில் பதினாறுதான் இருக்கிறது. ஒன்றே ஒன்றை நான் சேர்க்காமல் இருந்திருக்கலாம். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு, 'தகவல் பிழையானது' என்று சொல்லிவிடுவார், பதினோரு பெட்டியும் தெருவுக்கு வந்துவிடும். மனைவி என்னைப் பார்த்த பார்வையிலும் அதேதான் இருந்தது.

"பதினேழா சொன்னீங்க, அத்தான்?"

"ஒரு பேச்சுக்கு..."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்ன தெரியும்?"

மச்சான் வேன் மேல் குறிப்பேட்டை வைத்து, பென்சிலை நாக்கில் தொட்டு, கடைசிப் பக்கத்தில் நிதானமாக ஒரு கோடு போட்டார்.

"அன்னிக்குப் பதினோரு மணிக்கு நான் கேஸை அணைக்கப் போகலை," என்றார், மீன்காரரிடம். "இருநூறு தாண்டினதும் வீட்டுக்குப் போய், என் கொக்கியையும் திருப்பி மாட்டினேன். உள்ளே தண்ணியில திருகு ஒண்ணு விழுந்துச்சு, தேடி எடுத்தேன். அதுலேர்ந்து தினமும் ஓடுது. மழைமானியை மாடியில வச்சுட்டேன்." குறிப்பேட்டை மூடினார். அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "நானூத்திப் பதினேழு. நானே எண்ணினேன். நடந்தது."